மீதி ரெண்டு பேர்

இந்திய ராணுவத்தோடு பேரம் பேசிப் பார்த்த ஆள் என்று திண்டுக்கல் பேகம்பூரில் கிதர் முகம்மதுவுக்கு ஒரு பெயர் உண்டு. பத்தொன்பது வயதில், திருச்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அத்தாவிடம் சரக்குப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். ஓட்டத்தில் தேறினார். பார்வையில் தேறினார். மார்பளவில் ஒரு அங்குலம் இடித்தது. அளவுநாடா பிடித்த ஹவில்தாரிடம், "அரை அங்குலம் நீங்க விட்டுக்குடுங்க, அரை அங்குலம் நான் மூச்சைப் பிடிச்சு ஏத்திக்கிறேன்" என்று நியாயமாகத்தான் கேட்டார். ஹவில்தாருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற ஒரு புண்ணியவான் மொழிபெயர்த்தார். அவர் சும்மா இருந்திருக்கலாம்.

திரும்பி வந்து அத்தாவின் தோல் மண்டியில் உட்கார்ந்தார். நாற்பது வருஷம் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கைமாறின. அந்த ஒரு அங்குலம் மட்டும் கைமாறவே இல்லை. மருமகன் தப்ரேஸ் மண்டிக்குப் பொறுப்பெடுத்ததும் கிதர் முகம்மதுவின் கைக்கு வேலை இல்லாமல் போனது. அந்தக் கையில் மகள் ஒரு நல்ல செல்போனை வைத்தாள். அதற்கப்புறம் நடந்ததற்கு அவள் பொறுப்பல்ல.

ஆறு வருஷத்துக்கு முன் ஃபேஸ்புக்கில் 'திண்டுக்கல் ஜவான்கள்' என்று ஒரு குழு ஆரம்பித்தார். இன்றைக்கு அதில் பதினாலாயிரம் பேர். நிஜமாகவே பட்டாளத்தில் இருந்தவர்கள் இருநூறு பேர் இருந்தால் அதிகம். மீதிப் பேர் பட்டாளத்துக்காரர்களின் பிள்ளைகள், பேத்திகள், இவரைப் போல ஏதோ ஓர் அங்குலத்தில் திரும்பி வந்தவர்கள், எந்தக் குழு என்றே பார்க்காமல் காலை வணக்கம் போடுகிறவர்கள். ஆனால் வேலை நல்ல வேலை. டி.வி.எஸ். வண்டியில் சித்தையன்கோட்டை, சின்னாளப்பட்டி என்று வீடு வீடாகப் போவார். கரையான் அரிக்கிற நிலையில் இருந்த கடிதங்களைப் படம் பிடிப்பார். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த பதக்கங்களைத் துடைத்துப் படம் பிடிப்பார். சொல்கிற கதையை மண்டிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்து ராத்திரிச் சோற்றுக்கு முன் குழுவில் ஏற்றிவிடுவார். அவர் மட்டும் போகாதிருந்தால் அந்தக் கதைகளில் முக்கால்வாசி, சொன்னவர்களோடு சுடுகாட்டுக்குப் போயிருக்கும்.

ஒரே ஒரு வழக்கத்தைத்தான் அவர் மண்டியிலிருந்து கூடவே கொண்டுவந்துவிட்டார். எதைச் சொன்னாலும் பாதியாக்குவது.

தோல் மண்டியில் சரக்கோடு வந்தவன் சொல்வது விலை அல்ல, அவன் ஆசை. அவன் நூறு என்றால் ஐம்பதுக்குக் கேட்க வேண்டும். வாங்குகிறவன் பாதிக்குக் கேட்பான் என்று தெரிந்துதான் அவனும் நூறு என்கிறான். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து இருவரும் நியாயத்துக்கு வந்து சேர்வார்கள். யாரும் யாரையும் பொய்யன் என்று சொல்வதில்லை. சொன்ன விலையை அப்படியே ஒத்துக்கொண்டால்தான் தோல்காரனுக்கு ராத்திரித் தூக்கம் போகும்: ஐயோ, குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்று.

ஆகவே ஒரு பட்டாளத்துக்காரர் நாற்பது பேரைச் சுட்டேன் என்றால் கிதர் முகம்மது இருபது என்று எழுதினார். எட்டு நாள் பட்டினி என்றால் நாலு. இது நாளாவட்டத்தில் பட்டாளத்துக்காரர்களுக்கும் தெரிந்துபோனது. சண்டையிலேயே பிழைத்து வந்தவர்களுக்கு இது பெரிய விஷயமா? குழுவின் நட்சத்திரம் ஹவில்தார் சோலைமலை. பேங்க் வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவர். அவர் நேராகவே சொல்லிவிடுவார்.

"அறுபதுன்னு போட்டுக்கங்க பாய். எப்படியும் முப்பதுக்குத்தான் இறக்குவீங்க."

"அப்ப உள்ளது முப்பதா?"

"அது எனக்கும் அவனுங்களுக்கும் உள்ள விஷயம். நீங்க அறுபதுல ஆரம்பிங்க."

கிதர் முகம்மதுவின் மனைவி நர்கீஸ் இதையெல்லாம் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். "ஏங்க, ஆறு வருஷத்துல நீங்க குறைச்ச கணக்குல எதிரிப் படையில எத்தனை பேரு உசுரு பிழைச்சிருப்பான்! அவன் நாட்டுலதான் உங்களுக்குப் பதக்கம் குடுக்கணும்" என்பாள்.

குழுவில் ஒரு விலைபோகாத சரக்கும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. ஒன்றாம் தேதி பிறந்தால் அதே படம் வரும். முழுக்கைச் சட்டையில் ஒரு பையன், ஸ்டூடியோ திரைக்கு முன்னால் விறைப்பாக நிற்பான். கீழே அதே வாசகம்: 'எங்கள் அண்ணன் சிப்பாய் சவரிமுத்து. 1971 டிசம்பரில் காணவில்லை என்று கடிதம் வந்தது. தெரிந்தவர்கள் சொல்லவும்.' மூன்று லைக் விழும். ஒரே படத்தை இரண்டாம் முறை போடக் கூடாது என்பது குழுவின் ஏழாவது விதி. கிதர் முகம்மது வாசகத்தைப் படிக்கிற சிரமமில்லாமல், படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்துவிடுவார்.

ஆரம்பத்தில் ஒருநாள் போன் வந்தது.

"தம்பி, மரியநாதபுரத்துல இருந்து செபஸ்தியம்மாள் பேசுறேன். நர்ஸா இருந்து ரிட்டயரானவ. எங்க அண்ணன் படத்தை எடுத்துட்டீங்களே."

"ஒரே படத்தை ரெண்டு தடவை போடக் கூடாதும்மா. விதி."

"அண்ணனுக்கு இருக்கிறதே ஒரு படந்தான தம்பி."

அதற்கு அவரிடம் விதி இல்லை. அந்த அம்மாள் மேலே சொன்னாள். நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குக் கோயிலில் இறந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுப்பார்கள், பூசையில் வாசிப்பார்கள். அண்ணன் பெயரை இதுவரை கொடுத்ததில்லை. 'காணோம்னுதான எழுதியிருக்கான், செத்தான்னு எழுதலையே. பேரைக் குடுத்தா நாமளே கொன்ன மாதிரி' என்று அம்மா தடுத்துவிட்டாள். இப்போது அம்மா பெயரே பட்டியலில் வாசிக்கப்படுகிறது. அண்ணன் பெயர் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

"உசுரோட இருந்தா எழுபத்தாறு வயசு. இல்லைன்னா ஒரு பூசை. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாப் போதும் தம்பி. கண்ணால பாத்தவங்க ஒருத்தர் சொன்னாப் போதும். எனக்கும் எழுபதாச்சு. நான் போயிட்டா அவன் பேரை எழுதிக் குடுக்க ஆள் இல்லை."

"விசாரிக்கிறேம்மா" என்றார் கிதர் முகம்மது. மண்டியில் 'விசாரிக்கிறேன்' என்றால் போய்வா என்று அர்த்தம். அவர் மனசில் அது நர்ஸம்மா விஷயம் என்று பதிந்துபோனது. அண்ணன் பெயர் என்ன என்று கேட்டால் விழிப்பார்.

இந்த வருஷம் அக்டோபரில் சோலைமலைதான் ஒரு புது ஆளைச் சொன்னார். "பாய், சாணார்பட்டிப் பக்கம் கண்ணுசாமின்னு ஒருத்தரு. எழுபத்தொண்ணுல சண்டைக்குப் போனவரு. மாசாமாசம் மிலிட்டரி கேன்டீன் வரிசையில நின்னு வெறும் சோப்பும் பிஸ்கட்டும் வாங்கிட்டுப் போறாரு. ரம் பாட்டிலைத் தொடுறதில்லை. அப்படிப்பட்ட ஆளுக்குள்ள ஏதாச்சும் பெருசா இருக்கும்."

கிதர் முகம்மது போனபோது கண்ணுசாமி செண்டுப்பூ வயலில் குனிந்து நின்றார். எழுபத்தைந்து வயதுக்கு முதுகு நேராகத்தான் இருந்தது. பேச்சுதான் வரவில்லை. அவர் மனைவி கருப்பம்மாள் காபியோடு வந்து உட்கார்ந்து, புருஷனுக்கும் சேர்த்துப் பேசினாள்.

"இவருகிட்டயா கதை கேக்க வந்தீங்க? ஒரு கறவை மாட்டை விக்கப் போனாரு பாய். ஒரு விலை சொன்னாரு. அஞ்சு ரூபா குறைக்க மாட்டேன்னுட்டாரு. மூணு வாரம் சந்தைக்கு ஓட்டிட்டுப் போயி, மூணு வாரம் ஓட்டிட்டு வந்தாரு. நாலாவது வாரம் மாடு அதுபாட்டுக்குச் சந்தைக்குக் கெளம்பிருச்சு."

கிதர் முகம்மது சிரித்தார். இந்தக் கதையை அவர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அவர் தொழில் அறிவு வேறு மாதிரிச் சொன்னது: ஒரே விலை என்று போர்டு மாட்டியிருக்கிற கடையில்தான் அதிகம் குறைக்கலாம்.

"அய்யா, சண்டையில எத்தனை பேரைச் சுட்டீங்க?"

"யாரையும் பாக்கவே இல்லை. பனிதான் பாத்தேன்."

கிதர் முகம்மதுவின் பேனா நின்றது. பூஜ்யத்தைப் பாதியாக்கும் வித்தை எந்த மண்டியிலும் இல்லை.

"பின்ன என்ன நடந்துச்சு?"

கண்ணுசாமி மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பதினோரு நாளு. ஒரு பங்கருக்குள்ள அஞ்சு பேரு. மூணாம் நாளு ஷெல் விழுந்துச்சு. நாலு பேரு செத்துட்டாங்க. நான் வந்துட்டேன். அம்புட்டுதான்."

"அம்புட்டுதான்னா எப்படி? பேரெல்லாம் சொல்லுங்க."

"நாயக் ராமையா. சிப்பாய் பிச்சைமணி. இவுக ரெண்டு பேரும் நம்ம பிளட்டூன். இன்னொருத்தன் கேரளாக்காரன், சமையலுக்கு வந்தவன், குட்டன்னு கூப்புடுவோம். முழுப்பேரு தெரியாது. நாலாவது ஆளு சவரி. அவன் எங்க ரெஜிமென்டே இல்லை. டெலிபோன் வயரு இழுக்க வந்தான், பனியடைச்சுப் போயி எங்களோட மாட்டிக்கிட்டான். ரெண்டு மூணு நாள் பழக்கம்."

"அவனுக்கு என்ன ஆச்சு?"

"வயித்துல. மத்தவங்க உடனே போயிட்டாங்க. இவன் ரெண்டு நாளு கெடந்தான். தண்ணி தண்ணின்னான். வயித்துக் காயத்துக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பனியை எடுத்து உதட்டுல தேச்சுவிட்டேன். அவங்க வீட்டுக் கெடாவுக்குக் கலெக்டர்னு பேராம். மொத நாளே சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். அடிபட்ட பெறகு அது ஒண்ணுதான். எந்த ஊருடான்னு கேட்டா, 'கலெக்டரைக் கட்டியாச்சா, கலெக்டரைக் கட்டியாச்சா'ங்கிறான்."

கருப்பம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அம்பது வருஷமா இதை என்கிட்டச் சொல்லலையே இந்த மனுசன்."

"ஆபீசர்கிட்டச் சொன்னேன். எழுதிக்கிட்டாரு. அப்புறம் எங்க லிஸ்ட்ல அப்படி ஆளே இல்லைன்னுட்டாங்க. மதுரை ஜில்லான்னு மட்டும் மொத நாளு சொல்லியிருந்தான். லீவுல வந்தப்ப மதுரைக்குப் போயி ஒரு சர்ச்சுல கேட்டேன். எந்தச் சவரி, இங்க இருவது சவரி இருக்கான்னாங்க." கண்ணுசாமி நிமிர்ந்தார். "உங்க இதுல பதினாலாயிரம் பேரு பாக்குறாங்களாமே. நாலு பேரையும் போட்டுருங்க பாய். ஒண்ணு குறையக் கூடாது."

அந்தக் காலத்தில் திண்டுக்கல்லும் மதுரை ஜில்லாவுக்குள்தான் இருந்தது. நர்ஸம்மா இருக்கிற மரியநாதபுரமும் திண்டுக்கல்லை விட்டு வேறெங்கும் போய்விடவில்லை. இது கிதர் முகம்மதுவுக்கு உறைத்திருக்கலாம். அவருக்கு உறைத்ததெல்லாம் 'ஒண்ணு குறையக் கூடாது' என்ற கடைசி வார்த்தைதான். நாற்பது வருஷமாகத் தோல்காரர்கள் வாயில் கேட்ட அதே வார்த்தை. சரி, இவர் ஏற்றித்தான் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினார். பதினோரு நாளைப் பாதியாக்கினால் ஐந்தரை. பெரிய மனிதர் என்று ஆறாகப் போட்டார். நாலு பேர் ரெண்டானார்கள். எந்த ரெண்டு என்பதில் சிரமம் வரவில்லை. முழுப்பெயர் உள்ளவர்கள் நின்றார்கள், பெயர் அரைகுறையானவர்கள் போனார்கள். கிடாய்க்குக் கலெக்டர் என்று பெயர் வைத்ததெல்லாம் எடை கூட்டத் தோலில் ஒட்டவிட்ட மண் மாதிரி, உதறிவிட்டார். கடைசியில் சரக்கு ரொம்ப இளைத்துத் தெரிந்ததால், 'எதிரிகளின் குண்டுமழைக்கு நடுவே இமயம்போல் நின்ற' என்று தன் கையிலிருந்து ஒரு முழம் சேர்த்தார். மூவாயிரம் லைக் விழுந்தது. சோலைமலை முதல் ஆளாக சல்யூட் பொம்மை போட்டார்.

பத்தாம் நாள், அக்டோபர் முப்பத்தொன்று, காலையில் கண்ணுசாமி மஞ்சப்பையோடு பேகம்பூர் வீட்டு வாசலில் நின்றார். டீக்கடையில் யாரோ செல்போனில் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"வாங்கய்யா, வாங்க! உக்காருங்க. நர்கீஸ், டீ போடு."

கண்ணுசாமி உட்காரவில்லை. "பாய், மீதி ரெண்டு பேரு எங்க?"

"எந்த ரெண்டு பேரு?"

"நான் நாலு பேரைக் குடுத்தேன். நீங்க ரெண்டு பேரைத்தான் போட்டிருக்கீங்க. அப்ப மீதி ரெண்டு பேரு உங்ககிட்டதான இருக்கணும்? குடுங்க, நான் கொண்டு போறேன்."

பையை வாய் விரித்துப் பிடிக்காததுதான் குறை.

கிதர் முகம்மது தொண்டையைச் செருமினார். "அய்யா, கோச்சுக்கப்படாது. இது எங்க வழக்கம். எல்லாரும் கொஞ்சம் ஏத்திச் சொல்லுவாங்க. நான் கொஞ்சம் இறக்கி எழுதுவேன். சொல்றவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுல ஒரு நியாயம் வந்துரும்."

"எம்புட்டு இறக்குவீங்க?"

"பாதி."

கண்ணுசாமி விரலில் எண்ணினார். "பதினொண்ணுக்கு ஆறுன்னு போட்டிருக்கீங்களே. அரை நாளு எங்கிருந்து வந்துச்சு?"

"அது உங்களுக்காகக் கூட்டிப் போட்டது."

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. நர்கீஸ் சிரிப்பை அடக்குகிறாள் என்று கிதர் முகம்மதுவுக்குத் தெரிந்தது. வாசலில் நிற்கிற மனிதர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. கோபப்படுகிற ஆளைச் சமாளிக்க ஆயிரம் வழி உண்டு. சும்மா நிற்கிற ஆளுக்கு முன்னால் கை தன்னால் பழைய வேலையைத்தான் செய்யும்.

"சரிங்கய்யா, விடுங்க. மூணாப் போட்டுருவோம்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

கண்ணுசாமி நிதானமாகக் கேட்டார். "எந்த ஒருத்தனை விடுறது? அதையும் நீங்களே சொல்லிருங்க."

நாற்பது வருஷத்தில் பதில் விலை சொல்லத் தெரியாமல் கிதர் முகம்மது நின்றது அந்த ஒரு முறைதான். உள்ளே போய் மண்டிச் சீட்டுக் கட்டை எடுத்துவந்தார். மண்டியில் சீட்டைக் கிழிக்கிற பழக்கம் கிடையாது, எழுதியது எழுதியதுதான். கயிற்றை அவிழ்த்துத் தேடிச் சத்தமாகப் படித்தார். "குட்டன், கேரளா, முழுப்பேர் இல்லை. சவரி, வேற ரெஜிமென்ட், வயர் வேலை, வயிறு, ரெண்டு நாள். கெடா பேர் கலெக்டர், வேண்டாம்."

டீயோடு வந்த நர்கீஸ் நின்றுவிட்டாள். "என்ன பேரு சொன்னீங்க? சவரியா?"

"ஆமா."

"ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி ஒரு பையன் படம் வருமே, முழுக்கைச் சட்டை போட்டு. அவன் பேரு சவரிமுத்து. எழுபத்தொண்ணுல காணாமப் போனவன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க தூக்குறதுக்கு முன்னாடி நான் பாத்துருவேன். மூணு லைக்ல ஒண்ணு என்னுது."

கிதர் முகம்மது செல்போனை எடுத்து, குழுவிலிருந்து நீக்கியவற்றைத் திறந்தார். முப்பத்தெட்டு மாதம், முப்பத்தெட்டுப் படம். ஒரே சட்டையில், ஒரே விறைப்பில், முப்பத்தெட்டுச் சவரிமுத்துகள் ஒரு பிளட்டூனைப் போல வரிசையாக நின்றார்கள். எல்லோரையும் அவர்தான் வெளியே அனுப்பியிருந்தார். மார்பளவுகூட எடுக்கவில்லை.

கண்ணுசாமி போனை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "இதுல மீசை இல்லை. அவனுக்கு இருந்துச்சு. காது அவன் காது மாதிரித்தான் இருக்கு." போனைத் திருப்பிக் கொடுத்தார். "நான் ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். அந்தம்மாகிட்டக் கெடா இருந்துச்சான்னு கேட்டாத் தெரிஞ்சுரும்."

டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் இருவரும் டி.வி.எஸ்.ஸில் மரியநாதபுரம் போனார்கள்.

செபஸ்தியம்மாள் முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். மேசை மேல் கோயிலில் கொடுத்த கவர், ஒரு தாள், பேனா. தாளில் அப்பா, அம்மா, சித்தி என்று பெயர்கள். கிதர் முகம்மது தன் பெயரைச் சொன்னதும், "நாளைக்குத்தான தம்பி ஒண்ணாந்தேதி? நான் இன்னும் படமே போடலையே, அதுக்குள்ள எடுக்க வந்துட்டீங்களா?" என்றாள்.

கிதர் முகம்மது வாயைத் திறந்தார். கண்ணுசாமி முந்திக்கொண்டார்.

"தங்கச்சி, நான் பட்டாளத்துல இருந்தவன். ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீக. அந்தக் காலத்துல உங்க வீட்ல கெடா வளத்தீங்களா?"

"கெடாவா?" அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பேனாவை மெல்ல மேசையில் வைத்தாள். "கலெக்டரா?"

கண்ணுசாமி தலையாட்டினார். அதற்கப்புறம்தான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

செபஸ்தியம்மாள் அழவில்லை. நாற்பது வருஷம் வார்டில் நின்ற பெண். கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்டாள். எந்த இடம், என்ன தேதி, யார் கூட இருந்தார்கள், எங்கே புதைத்தார்கள். கண்ணுசாமி ஒவ்வொன்றுக்கும் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். மலைக்குப் பெயர் இல்லை, நம்பர்தான். கல்லை அடுக்கி மூடினேன், நான்தான் மூடினேன்.

"எங்க பட்டுச்சு?"

கண்ணுசாமி ஒரு கணம் அவளுடைய கைகளைப் பார்த்தார். வயிற்றுக் காயம் என்றால் என்ன என்று தெரிந்த கைகள்.

"நெஞ்சுல."

"உடனேயா?"

"உடனே தங்கச்சி. கண்ணை மூடித் தொறக்கலை. அதுக்கு முந்தின நாளு பூரா உங்க கெடா கதையைச் சொல்லித்தான் சிரிச்சுக்கிட்டு இருந்தான்."

அவள் கிதர் முகம்மதுவிடம் திரும்பினாள். "நீங்க எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பீங்களே தம்பி. அதுலயும் அப்படித்தான இருக்கு?"

சட்டைப்பையில் சீட்டு இருந்தது. அதில் வயிறு இருந்தது, ரெண்டு நாள் இருந்தது. ஜேபிக்கு மேலே கையை வைத்தபடி கிதர் முகம்மது சொன்னார்: "அப்படியேதாம்மா இருக்கு. நெஞ்சுல. உடனே."

செபஸ்தியம்மாள் பேனாவை எடுத்து, அம்மா பெயருக்குக் கீழே இடம் போதாமல், பக்கவாட்டில் நெருக்கி 'சவரிமுத்து' என்று எழுதினாள். எழுதி முடித்ததும் மூடியைத் திருகி மூடிவிட்டு, "காபி குடிப்பீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டாள். எழுந்து உள்ளே போனவள் செத்த நேரம் வரவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை.

பஸ் ஸ்டாண்டில் சாணார்பட்டி பஸ்ஸுக்கு நிற்கும்போது கிதர் முகம்மது கேட்டார்.

"அய்யா, என்கிட்ட வயித்துல, ரெண்டு நாளுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அங்க நெஞ்சுல, உடனேன்னீங்க."

"ஏன், குறைக்கிறதுக்கு நீங்க மட்டுந்தான் லைசென்ஸ் வாங்கியிருக்கீங்களா?"

கண்ணுசாமி பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு நாளைப் பாதியாக்குனா ஒரு நாளு. அதைப் பாதியாக்குனா அரை நாளு. அந்த அரை நாளுக்குள்ளயும் அவன் கெடந்துக்கிட்டுத்தான் இருப்பான். அதான் ஒரே அடியா அடிச்சுட்டேன்." பஸ் வந்தது. ஏறப் போனவர் படியில் நின்று திரும்பினார். "குட்டனையும் போட்டுருங்க. அவனுக்கும் ஒரு தங்கச்சி எங்கயாச்சும் இருப்பா."

அன்று மாலை கிதர் முகம்மது அந்தக் கதையைத் திருத்தி ஏற்றினார். பதினோரு நாள், நாலு பேர். குட்டனை முழுப்பெயர் தெரியாமலே சேர்த்தார். இமயத்தை எடுத்தார். கிடாயைப் போட்டார். சவரிமுத்து எத்தனை நேரம் உயிரோடிருந்தான் என்பதை எழுதவில்லை. சீட்டுக் கட்டுக்குள் அந்தச் சீட்டை மட்டும் தனியாக மடித்து வைத்தார். கிழிக்கிற பழக்கம் இல்லையே.

இந்தத் தடவை லைக் இருநூறைத் தாண்டவில்லை. முதல் கருத்தே, 'போன வாரம் ரெண்டு, இந்த வாரம் நாலு. வரலாறு என்ன தக்காளியா பாய், நாளுக்கொரு விலை?' என்று வந்தது. அடுத்ததாக சோலைமலை போன் போட்டார்.

"அந்தாளுக்கு மட்டும் முழுசா விட்டீங்களாமே. அப்ப என்னோட அறுபதையும் முழுசாப் போடுங்க."

"உங்களுது முப்பதுதான்."

"ஒரு நாப்பது?"

"போனை வைங்க ஹவில்தார்."

மறுநாள் ஒன்றாம் தேதி. காலையில் முழுக்கைச் சட்டைக்காரன் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றான். அதே திரை, அதே விறைப்பு. கிதர் முகம்மதுவின் விரல் பழக்கத்தில் நீக்குகிற இடத்துக்குப் போய், பாதியில் நின்றது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தார்.

'எங்கள் அண்ணன் சிப்பாய் சவரிமுத்து. தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நாளை காலை பூசை.'

படம் குழுவிலேயே இருந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று லைக் விழுந்தது. ஏழாவது விதியை எப்போது எடுப்பதாக உத்தேசம் என்று நர்கீஸ் அடுப்படியிலிருந்து கேட்டாள். விசாரிக்கிறேன் என்றார் கிதர் முகம்மது.